கணினி மெதுவானதும் செய்யக் கூடாதவை

வீட்டுக் கணினி திணறத் தொடங்கியதும் 'வைரஸ் ஏறிவிட்டது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவதே முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்து கிளைப்பவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் புழங்கும் பழைய கணினிகளில், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தவையும் உண்டு. சுழலும் ஹார்டு டிஸ்க்கும் குறைந்த ரேமும் கொண்ட அத்தகைய கணினி, இன்றைய விண்டோஸையும் பத்துப் பக்கங்கள் திறந்துகிடக்கும் குரோமையும் தாங்க முடியாமல் தவிப்பதற்கு எந்த வைரஸும் தேவையில்லை.

ஆகவே எதையும் அழிப்பதற்கு முன் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி, எந்த நிரல் கணினியை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்க வேண்டும். பெரிய வேலை எதுவும் நடக்காதபோதும் டிஸ்க் என்ற பத்தி நூறு விழுக்காட்டிலேயே நிற்குமானால், பல நாள் அணைந்துகிடந்த கணினி விண்டோஸ் அப்டேட்டை இறக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரம் விட்டுப் பார்த்தும் குறையாவிட்டால் ஹார்டு டிஸ்க் தளர்ந்துவிட்டதாகச் சந்தேகிக்கலாம். யுபிஎஸ் இல்லாமல் இயங்கும் மேசைக் கணினி, ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும்போது திடீர் திடீரென அணைவதும் டிஸ்க்கைப் பழுதாக்கும். இந்த நிலையில் வேகம் கூட்டுவதாகச் சொல்லும் 'பூஸ்டர்', 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' போன்றவற்றை நிறுவுவது வீண் வேலை. அவற்றுள் சில தாமே விளம்பர மென்பொருளைக் கொண்டுவருபவை. அந்தச் செலவை, சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்துவதில் போட்டால், பழைய கணினியிலும் கண்கூடான வேறுபாடு தெரியும்.

நெல் அறுவடைக் காலத்தில் வீட்டுக்குள் வரும் வைக்கோல் சுணையும் தூசியும் மின்விசிறியையும் காற்றுத் துளைகளையும் அடைத்துவிட்டால், சூடு ஏறிய பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கணினியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு ஊத வேண்டும்.

உண்மையிலேயே தீங்கு நிரல் புகுந்திருக்கும் வீடுகளில், வழி பெரும்பாலும் பென்டிரைவாகவோ, உரிமப் பூட்டை உடைத்து இலவசமாகச் சுற்றில் விடப்படும் கிராக் மென்பொருளாகவோ இருக்கும். பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டா, அடங்கல் நகல் எடுக்கக் கூட்டம் மொய்க்கும் நாள்களில், பிரவுசிங் சென்டரின் ஒரே கணினியில் எத்தனையோ பேருடைய பென்டிரைவ்கள் செருகப்படுகின்றன. வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக மாறியிருக்கும். கோப்புகள் போய்விட்டன என்று எண்ணிப் பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் மறைக்கப்பட்டு அங்கேயேதான் இருக்கும். அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் முதலில் தீங்கு நிரல் ஓடும், பிறகு உங்கள் கோப்புறையும் திறக்கும். அதனால்தான் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றுகிறது. எதையும் சொடுக்காமல் முதலில் பென்டிரைவை ஸ்கேன் செய்துவிட்டு, அதன்பின் மறைந்த கோப்புகளைக் காட்டும் அமைப்பை இயக்கி அவற்றை மீட்க வேண்டும்.

கிராக் விஷயத்தில் எச்சரிக்கை அதனுடனேயே வருகிறது: 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்' என்று கேட்கும் எதையும் நிறுவக் கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் 'ஸ்டாப்' வகை ரான்சம்வேர் இத்தகைய கிராக்குகள் வழியாகவே பெருமளவு பரவியது. தமிழில் தட்டச்சு செய்வதற்காக முகம் தெரியாத தளங்களிலிருந்து மென்பொருள் இறக்குவோரும் உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது.

பயத்தில் இரண்டு மூன்று ஆன்டிவைரஸ்களை ஒரே சமயத்தில் நிறுவுவது அடுத்த தவறு. அவை ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிட்டுக் கணினியை மேலும் முடக்கும். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸில் ஆஃப்லைன் ஸ்கேன் என்றொரு வசதி உண்டு. விண்டோஸ் முழுமையாக எழும்பும் முன்பே அது சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் நிரல்களும் பல வேளைகளில் சிக்கும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

'ஃபார்மட் போட்டுடலாம் சார்' என்பது சர்வீஸ் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மருந்து. சில சமயம் அதுவே சரியான மருந்தும்கூட. ஆனால் சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு, டி டிரைவை ஸ்கேன் செய்யாமல் விட்டால், அங்கே கிடக்கும் பழைய கிராக் கோப்பை ஒருமுறை சொடுக்கியதும் நோய் திரும்பிவிடும். டி டிரைவில் படங்களைப் போட்டுவைப்பதைக் காப்புப் பிரதி என்று நம்புவதும் ஆபத்து. இரண்டும் ஒரே டிஸ்க்கின் பகுதிகளாக இருந்தால், டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். தனி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகே கணினியைக் கடையில் கொடுக்க வேண்டும்.

'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரையை நிரப்பி அலறும் பக்கம் பெரும்பாலும் வெறும் விளம்பர மோசடிதான். பிரவுசரை மூடினால் போதும், மூட முடியாவிட்டால் டாஸ்க் மேனேஜரிலிருந்து மூடலாம். அந்த எண்ணை அழைத்து, உங்கள் கணினியைத் தொலைவிலிருந்தே இயக்க அவர்களுக்கு வழிவிடும் ரிமோட் செயலியை நிறுவுவதுதான் உண்மையான தொற்று. அப்படி நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வங்கிக் கடவுச்சொற்களை அதே கணினியில் அல்லாமல் வேறொரு கருவியில் மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930இல் புகார் பதிய வேண்டும், ஏனெனில் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள்தான் அதை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.