ட்ராவல் ட்ரெய்லர் வாங்கும் முன்: பிக்கப் ட்ரக் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை நெருங்கினால் போதும், அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்களில் யாராவது ஒருவர் ட்ராவல் ட்ரெய்லர், அதாவது பிக்கப் ட்ரக்குக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு, வாங்கக் கிளம்பிவிடுகிறார். நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில் அவர்களும் வரிசையாக விழுகிறார்கள். டாலஸில் இருக்கும் ஒரு குடும்பம் முன்பணம் கட்டிவிட்டு எனக்கு போன் செய்தது. “அண்ணா, எங்க ட்ரக் பத்தாயிரம் பவுண்டு இழுக்கும். ட்ரெய்லர் முழுசா நிரப்பினாலே ஏழாயிரத்து ஐந்நூறுதான். பிரச்சினை இருக்காதுல்ல?”

இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். பிரேக் கன்ட்ரோலர் வாங்க மறப்பது, ட்ரெய்லரை ட்ரக்கோடு இணைக்கும் ஹிட்ச்சில் பந்தின் அளவு பொருந்தாமல் போவது, பாதுகாப்புச் சங்கிலியை மாட்டாமல் விடுவது போன்றவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள். இங்கே வேண்டாம்.

இழுவைத் திறனைப் பார்த்துவிட்டு பேலோடைப் பார்க்காமல் விடுவது

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் இழுவைத் திறன். ஆனால் அரை டன் ட்ரக்குகளில், அதாவது 1500 வகை வண்டிகளில், அந்த எண்ணை எட்டுவதற்கு வெகு முன்பே பேலோட் தீர்ந்துவிடும். பேலோட் என்பது ட்ரக் தன் முதுகில் தாங்கக்கூடிய எடை. ஓட்டுநர், குடும்பம், பின்தொட்டியில் இருக்கும் சாமான்கள், ஹிட்ச், அப்புறம் ட்ரெய்லரின் முன்பகுதி ஹிட்ச் மேல் அழுத்தும் எடை எல்லாம் அதில் அடக்கம். இந்தக் கடைசி எடையைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். ட்ராவல் ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 13 என்று வைத்துக் கணக்குப் போடுவது என் வழக்கம்.

உங்கள் வண்டியின் பேலோட் எவ்வளவு என்பது விளம்பரத்தில் இருக்காது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். அந்த எண் உங்கள் வண்டிக்கே உரியது. சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம், மின்சாரத்தில் இறங்கும் பக்கப் படி என்று வசதிகள் ஏற ஏற எண் இறங்கும். அதனால் ஒரே மாடலில் விலை உயர்ந்த வண்டி பெரும்பாலும் குறைவாகத்தான் தாங்கும்.

டாலஸ் நண்பரின் ஸ்டிக்கரில் 1,420 பவுண்டு. கணவன், மனைவி, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள்: 600. மிச்சம் 820. பின்தொட்டியில் சைக்கிள், ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, கூடாரத் துணி: 200. மிச்சம் 620. எடையை அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் ஒன்றே 80. மிச்சம் 540. அதை 13 சதவீதமாக வைத்தால் அவர் இழுக்கக்கூடிய ட்ரெய்லர் சுமார் 4,150 பவுண்டுதான். அவர் முன்பணம் கட்டிய ட்ரெய்லரின் டங் வெயிட் மட்டுமே 975. பத்தாயிரம் பவுண்டு இழுக்கும் என்று சொல்லி விற்ற வண்டியின் நிலை இது.

அப்படியானால் அந்தப் பத்தாயிரம் பொய்யா? பொய் இல்லை. ஜே2807 என்ற பொதுவான சோதனை முறைப்படி வந்த எண் அது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் நீண்ட மேட்டில், 100 டிகிரி வெயிலில், ஏசி ஓட ஓட வண்டி ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் வண்டிக்குள் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர், பின்தொட்டியில் ஒன்றும் இல்லை, டங் வெயிட் 10 சதவீதம் என்று வைத்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். பிள்ளைகளோடும் இட்லிப் பானையோடும் கிளம்பும் குடும்பம் அந்தக் கணக்கில் இல்லை.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். ட்ரெய்லர் விற்பவர் வண்டியின் மாடலைக் கேட்பார், கைபேசியில் இழுவைத் திறனைத் தேடுவார், “தாராளமா இழுக்கும்” என்பார். கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. அதைச் செய்யாமல், இருபது வருடக் கடனில் ஒரு குடும்பத்தை உட்கார வைக்கிறார்கள். பேலோடைத் தாண்டினால் பின் அச்சும் டயரும் அளவுக்கு மேல் சுமக்கும், முன் சக்கரங்களில் எடை குறையும், திருப்புவதும் நிறுத்துவதும் கெடும். இன்டர்ஸ்டேட்டில் பக்கத்தில் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி வேகமாகக் கடக்கும்போது அது தெரியவரும். பின் இருக்கையில் பிள்ளைகள் இருப்பார்கள்.

காலி எடையை நம்புவது

ட்ரெய்லர் விளம்பரத்தில் இருக்கும் காலி எடையில் தண்ணீர் இல்லை, சாமான் இல்லை. பல சமயம் பேட்டரிகூட இல்லை. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல். ட்ரெய்லரின் மொத்த எடை வரம்பை, அதாவது ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள்.

பின் அச்சுக்கு மேல் ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் சரியாகிவிடும் என்பது

ஆகாது. தாழ்ந்த பின்பக்கம் நிமிரும், ஸ்டிக்கரில் இருக்கும் எண் மாறாது.

டங் வெயிட்டைக் குறைக்க சாமானைப் பின்னால் தள்ளுவது

இது ஆபத்து. முன்பக்கம் லேசானால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் பெரிதாகி ட்ரக்கையும் சேர்த்து இழுத்துக் கவிழ்த்துவிடும். டங் வெயிட் அதிகம் என்றால் சின்ன ட்ரெய்லர் வாங்குங்கள், இல்லை இன்னும் அதிகம் தாங்கும் 2500 வகை ட்ரக்குக்குப் போங்கள்.

சமவெளியில் இழுத்ததை வைத்து மலைக்குப் போவது

டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். அதைவிட முக்கியம் இறக்கம். ட்ரக்கில் சுமை இழுப்பதற்கென்று இருக்கும் டோ-ஹால் மோடு போட்டு, கீழ் கியரில் இறங்குங்கள்.

ஹிட்ச் ரிசீவரின் லேபிளைப் படிக்காமல் விடுவது

ரிசீவர் என்பது ட்ரக்கின் பின்னால் ஹிட்ச்சைச் செருகும் இடம். அதற்கும் தனி வரம்பு உண்டு. எல்லா வரம்பிலும் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு.

எடை போடாமல் வாங்குவது

நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் (CAT) ஸ்கேல் என்ற லாரி எடைமேடை இருக்கும். ட்ரெய்லர் கடைக்குப் போகும் முன்பே, டேங்கை நிரப்பி, குடும்பத்தை உட்கார வைத்து, வழக்கமாக ஏற்றும் சாமானோடு ட்ரக்கை மட்டும் அங்கே நிறுத்துங்கள். கதவுத் தூணில் இருக்கும் ட்ரக்கின் ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணிலிருந்து அங்கே தரும் எடைச் சீட்டில் இருக்கும் எடையைக் கழியுங்கள். ஹிட்ச்சுக்கும் டங் வெயிட்டுக்கும் உங்களிடம் இருப்பது அந்த மிச்சம்தான். ட்ரெய்லர் வந்த பிறகு, ஹிட்ச்சின் எடை பிரிக்கும் கம்பிகளை மாட்டாமல் இணைத்து, அதே ஆட்கள், அதே சாமானோடு இன்னொரு முறை போடுங்கள். ட்ரக்கின் இரண்டு அச்சுகளிலும் சேர்த்து எவ்வளவு கூடியிருக்கிறதோ, அதில் ஹிட்ச்சின் எடை போக மீதி உண்மையான டங் வெயிட். பிறகு கம்பிகளை மாட்டி, ஒவ்வொரு அச்சும் தன் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். டாலஸ் நண்பர் முதல் எடைச் சீட்டை வாங்கிய அன்றே முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். பாதிதான் கிடைத்தது.