பட்டையே விழாத ஜெல்: மரபணு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் முடிந்ததும் சேலத்துக் கல்லூரி லேப்களில் ப்ராஜெக்ட் வேலை சூடுபிடிக்கும். ஒரு வருஷம் ஏற்காட்டுக் காப்பி இலை, அடுத்த வருஷம் மாம்பழம், அதற்கடுத்து ரத்த மாதிரி. பொருள்தான் மாறுகிறது. தவறுகள் எங்கள் காலத்தில் இருந்தவையேதான், ஒன்றுகூட மாறவில்லை.

பைப்பெட் முனையை மாற்ற மறப்பது, கையுறை இல்லாமல் ஆர்என்ஏவைத் தொடுவது, டிஎன்ஏ போடாத வெறும் தண்ணீர்க் குழாய் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைக்காமல் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) ஓட்டுவது, இதையெல்லாம் இங்கே எழுதவில்லை. ஒரு வாரம் லேபில் திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும். திட்டு வாங்கியும் சரியாகாதவைதான் கீழே இருக்கின்றன.

எதிர் பிரைமரை நேராக எழுதி அனுப்புவது

பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டி பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ இழைகள்தான் பிரைமர்கள்: ஒரு முனையில் நேர் பிரைமர், மறு முனையில் எதிர் பிரைமர். இன்றைக்கும் எரிச்சல் தருவது இந்த ஒன்றுதான். ஏனென்றால் இது தவறு என்று உடனே தெரியாது. பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அந்தப் பட்டை விழாது, அவ்வளவுதான். பட்டை விழாமல் போக நூறு காரணம் உண்டு என்பதால், மாணவர் மற்ற தொண்ணூற்றொன்பதையும் தேடிப் போவார்.

டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இழையின் இரண்டு முனைகளுக்கும் 5′, 3′ என்று பெயர். ஒன்று 5′ முனையிலிருந்து 3′ முனைக்கு இடமிருந்து வலமாகப் போனால், மற்றது வலமிருந்து இடமாகப் போகும். இது பிளஸ் டூ பாடத்திலேயே இருக்கிறது, எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் பிரைமர் ஆர்டர் படிவத்தை நிரப்பும்போது மறந்துவிடும்.

ஏற்காடு மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது வந்த மூன்று திருப்பங்களை ஒரு சீட்டில் குறிக்கிறீர்கள்: இடம், வலம், வலம். இதே பாதையில் இறங்க என்ன சீட்டு வேண்டும்? வரிசையைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும், ஒவ்வொரு இடத்தையும் வலமாக, வலத்தை இடமாக மாற்றவும் வேண்டும். இரண்டையும் செய்தால் கிடைப்பது: இடம், இடம், வலம். பக்கத்தை மட்டும் மாற்றினால் ‘வலம், இடம், இடம்’ என்று வரும். வரிசையை மட்டும் திருப்பினால் ‘வலம், வலம், இடம்’. இரண்டு சீட்டிலுமே முதல் திருப்பத்திலேயே வண்டி பள்ளத்தில்.

டிஎன்ஏவிலும் கணக்கு இதுதான். நம் ரத்தத்து பீட்டா குளோபின் மரபணுவின் தொடக்கப் பகுதியிலிருந்து ஒன்பது எழுத்து எடுத்துக்கொள்வோம். மேல் இழை, 5′ முனை இடப்பக்கம்:

ஜி டி டி ஏ சி டி ஜி சி சி

இந்த இடத்தில் எதிர் பிரைமர் உட்கார வேண்டும். (உண்மைப் பிரைமர் 18 முதல் 22 எழுத்து இருக்கும், விளங்குவதற்காக ஒன்பதோடு நிறுத்துகிறேன்.) புதியவர் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதன் இணையை (ஏ-வும் டி-யும் ஒரு ஜோடி, சி-யும் ஜி-யும் ஒரு ஜோடி) எழுதுவார்:

சி ஏ ஏ டி ஜி ஏ சி ஜி ஜி

இது தப்பான இழை அல்ல. கீழ் இழை அப்படித்தான் இருக்கிறது, 3′ முனை இடப்பக்கமாக. தவறு நடப்பது இதை அப்படியே படிவத்தில் ஒட்டும்போது. படிவத்தில் இடக்கோடி எழுத்து 5′ என்றே நிறுவனம் எடுத்துக்கொள்ளும். யாரும் போன் செய்து கேட்கமாட்டார்கள். உங்களுக்கு வேண்டிய மூலக்கூறுக்கு நேர் எதிராக ஓடும் ஒரு மூலக்கூறு, மிகச் சுத்தமாகத் தயாராகி, கூரியரில் வந்து சேரும். அனுப்ப வேண்டியது இது:

ஜி ஜி சி ஏ ஜி டி ஏ ஏ சி

இணை எழுதி, பிறகு பின்னாலிருந்து படித்தது. இதற்கு இணைத்திருப்பம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மென்பொருள்களில் ஒரே பொத்தான்.

இந்தத் திசையில் இயற்கை ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது? டிஎன்ஏ பாலிமரேஸ் நொதிக்கு ஒரு எழுத்தைச் சேர்க்க, ஏற்கெனவே உள்ள இழையின் 3′ முனையில் ஒரு ஹைட்ராக்சில் தொங்க வேண்டும். புதிதாக வரும் நியூக்ளியோடைடு மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்துகொண்டு வந்து, அதில் இரண்டைக் கழற்றிவிட்டு அந்த ஹைட்ராக்சிலில் ஒட்டுகிறது. 5′ முனையில் ஒட்ட வழியே இல்லை. அதனால்தான் பிரைமரின் 3′ கடைசி எழுத்து பொருந்தாவிட்டால் வேலை கெட்டுவிடும். 5′ பக்கம் பத்து எழுத்து வால் தொங்கினாலும் நொதி கண்டுகொள்ளாது. டிஎன்ஏவைக் குறிப்பிட்ட வரிசையில் வெட்டும் வெட்டு நொதியின் தளத்தைப் பிரைமரில் சேர்க்கும்போது 5′ பக்கம் சேர்ப்பது இதனால்தான்.

எதிர் பிரைமர் ஒட்டாவிட்டால் குழாயில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒட்டினால் 30 சுற்றில் ஒரு பிரதி 2-இன் 30-ஆம் அடுக்காகப் பெருகும். ஏறத்தாழ 107 கோடி. நேர் பிரைமர் மட்டும் ஒட்டினால் சுற்றுக்கு ஒன்று வீதம் 30 பிரதி. ஜெல்லில் எதுவும் தெரியாது.

ஒரு ப்ராஜெக்ட் குழுவுக்கு இது நடந்தபோது போன நாட்களைச் சொல்கிறேன். காப்பியின் துரு நோய் எதிர்ப்பு மரபணுவுக்கு அருகே ஒரு துண்டைப் பெருக்க வேண்டும். பட்டை இல்லை. டிஎன்ஏ கெட்டிருக்கும் என்று மறுபடி மலையேறி இலை பறித்து வந்தார்கள். இல்லை. மெக்னீசியத்தை 1.5 மில்லிமோலாரிலிருந்து 3 வரை ஏற்றினார்கள். இல்லை. ஒட்டும் வெப்பநிலையை 60-லிருந்து 58, 55, 50 என்று இறக்கி 48-க்கு வந்ததும் மூன்று பட்டை விழுந்தது. லேபே கொண்டாடியது. பளிச்சென்று தெரிந்ததை வெட்டி வரிசை படிக்க அனுப்பினார்கள். வந்தது பசுங்கணிகத்தின் டிஎன்ஏ. அந்த வெப்பநிலையில் பிரைமர் எங்கே வேண்டுமானாலும் அரைகுறையாக ஒட்டும். ஆர்டர் படிவத்தை யாராவது எடுத்துப் பார்க்க அதன் பிறகுதான் தோன்றியது. பிரைமர் விலை சில நூறு ரூபாய்தான். போனது ஒரு மாதம்.

படிவத்தை அனுப்பும் முன் செய்ய வேண்டியவை பத்து நிமிஷ வேலை. மேல் இழையின் முழு வரிசையைத் திறந்து, நேர் பிரைமரைத் தேடுங்கள். அப்படியே கிடைக்க வேண்டும். எதிர் பிரைமரைத் தேடுங்கள், கிடைக்கக் கூடாது. எதிர் பிரைமரின் இணைத்திருப்பத்தைத் தேடுங்கள்; நேர் பிரைமருக்கு வலப்பக்கம் கிடைக்க வேண்டும். பிறகு ஒரு தாளில் இரண்டு இழையையும் வரைந்து, பிரைமர்களின் 3′ முனையில் அம்புக்குறி போடுங்கள். இரண்டு அம்பும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் அனுப்பாதீர்கள். கடைசியாக, என்சிபிஐ என்ற மரபணுத் தரவுத் தளத்தில் பிரைமரைச் சோதிக்கும் கருவியான பிரைமர்-பிளாஸ்ட்டில் இரண்டையும் சேர்த்துப் போட்டு, எதிர்பார்த்த நீளத்தில் துண்டு வருகிறதா என்று பாருங்கள்.

வந்த பிரைமரைக் கரைப்பதிலும் ஒரு வார்த்தை. குழாயில் எத்தனை நானோமோல் என்று எழுதியிருக்கிறதோ, அதைப் பத்தால் பெருக்கி அத்தனை மைக்ரோலிட்டர் ஊற்றினால் 100 மைக்ரோமோலார். 25 நானோமோல் என்றால் 250 மைக்ரோலிட்டர். அதைப் பத்து மடங்கு நீர்த்து, 25 மைக்ரோலிட்டர் வினைக்கு 0.5 மைக்ரோலிட்டர் போட்டால் 0.2 மைக்ரோமோலார். திறக்கும் முன் குழாயைச் சுழற்றியில் ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். காய்ந்த பொடி மூடியில் ஒட்டியிருக்கும்.

விகடகவியை வைத்துப் பயிற்சி எடுப்பது

இணை எழுதிப் பழக வகுப்பில் பெரும்பாலும் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைக் கொடுப்பார்கள். எகோஆர்1 நொதி வெட்டும் இடம். இதன் இணைத்திருப்பமும் ஜி-ஏ-ஏ-டி-டி-சிதான். ஆகவே திசையைப் பற்றி எதுவுமே புரியாதவருக்கும் விடை சரியாக வந்துவிடும். புரியாமை அப்படியே பிரைமர் படிவம் வரைக்கும் போகும். தமிழ் விகடகவி பின்னாலிருந்து படித்தாலும் அதே சொல். டிஎன்ஏ விகடகவி அப்படியில்லை. அதே இழையைப் பின்னாலிருந்து படித்தால் சி-டி-டி-ஏ-ஏ-ஜி என்று வேறாக இருக்கும். எதிர் இழையை அதன் 5′ முனையிலிருந்து படித்தால்தான் ஒத்துப்போகும். மலைப்பாதையில் ‘இடம், வலம்’ என்ற சீட்டு ஏறவும் இறங்கவும் ஒன்றாகவே இருக்கும், அது போல.

எந்த இழையின் எழுத்து என்று கேட்காமல் முடிவு சொல்வது

மேலே சொன்ன தவறின் மூத்த அண்ணன் இது. அங்கே போவது ஒரு மாதம், இங்கே ஒருவரின் நோய் முடிவே மாறிவிடலாம்.

மரபணுவைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸ், வார்ப்பு இழையை 3′-லிருந்து 5′-க்குப் படித்து, ஆர்என்ஏவை 5′-லிருந்து 3′-க்குக் கட்டுகிறது. அதனால் ஆர்என்ஏ, வார்ப்பாக இல்லாத மறு இழையைப் போலவே இருக்கும். டி இருந்த இடத்தில் யு. அந்த மறு இழையைத்தான் குறியீட்டு இழை என்கிறோம், புத்தகங்கள் மரபணு வரிசை என்று அச்சிடுவதும் அதையே. ஒரு குரோமோசோமில் எல்லா மரபணுவுக்கும் ஒரே இழைதான் குறியீட்டு இழை என்று பலர் நினைக்கிறார்கள். அது மரபணுவுக்கு மரபணு மாறும்.

பீட்டா குளோபின் 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, ஆனால் மரபணுத் தொகுப்புக் கோப்பு (மனித டிஎன்ஏ வரிசை முழுவதையும் எழுதிவைத்த பொதுக் கோப்பு) மேல் இழையாக எழுதும் இழைக்கு எதிர் இழையில். அரிவாள் செல் நோயில் ஜி-ஏ-ஜி என்ற கோடான் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து) ஜி-டி-ஜி ஆகிறது. குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வருகிறது. புத்தகத்தில் ஏ, டி ஆனது. தொகுப்புக் கோப்பில் அதே இடம் சி-டி-சி என்று இருந்து சி-ஏ-சி ஆகும். அங்கே டி, ஏ ஆனது.

இரண்டும் ஒரே மாற்றம். ஆனால் எழுத்துகள் மட்டும் இடம் மாறித் தெரிகின்றன, ஆபத்தே அதில்தான். ஒரு அறிக்கையில் ‘ஏ ஏ’ என்று இருக்கிறது. புத்தகத்தை நினைத்துப் படித்தால் இயல்பானவர். தொகுப்புக் கோப்பின் இழையில் எழுதப்பட்டதென்றால் இரண்டு பிரதியிலும் அரிவாள் மாற்றம் உள்ளவர். ஏ, ஜி ஆகும் மாற்றமாக இருந்தால் எதிர் இழையில் டி, சி என்று வந்து, எழுத்தே பொருந்தாமல் தவறு பிடிபட்டிருக்கும். ஏ-டி மாற்றத்தில் தவறு சத்தமில்லாமல் நழுவிவிடும். நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் செல் ஹீமோகுளோபின் 1952-லேயே கண்டறியப்பட்டது. நம் பக்கத்துக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. அறிக்கையைக் கையில் எடுத்தால் முதல் கேள்வி, எந்த இழை?

6-ஆ, 7-ஆ?

அரிவாள் மாற்றம் நடக்கும் கோடானுக்குச் சில நூல்கள் 6 என்றும் சில 7 என்றும் எண் போடும். இரண்டும் அதே கோடான்தான். முதல் மெத்தியோனின் புரதத்திலிருந்து கழற்றப்படுவதால் பழைய நூல்கள் அதை எண்ணவில்லை.

இலையில் கனியின் ஆர்என்ஏவைத் தேடுவது

மாம்பழம் பழுக்கும்போது வேலை செய்யும் மரபணு இலையிலும் இருக்கிறது. அதனால் டிஎன்ஏ வேண்டுமென்றால் இலை போதும், அதுவே சுலபமும்கூட. ஆனால் இலையில் அந்த மரபணு வாய் மூடிக் கிடக்கலாம். படியெடுக்கப்படாத மரபணுவுக்கு ஆர்என்ஏ கிடையாது. பழுக்கத் தொடங்கும் காயின் சதையைத்தான் அறுக்க வேண்டும், அதுவும் மரத்திலிருந்து இறக்கிய நாள், மணி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு. சந்தையில் வாங்கிய பழத்துக்கு எப்போது, எப்படிப் பழுக்க வைத்தார்கள் என்று தெரியாது.

இன்ட்ரானை மறப்பது

பீட்டா குளோபினில் மூன்று எக்ஸான் (ஆர்என்ஏவில் கடைசிவரை நிற்கும் பகுதி), நடுவே இரண்டு இன்ட்ரான் (வெட்டி எறியப்படும் பகுதி). இரண்டாவது இன்ட்ரான் மட்டும் சுமார் 850 எழுத்து. ஆர்என்ஏவிலிருந்து செய்த டிஎன்ஏ நகலான சிடிஎன்ஏவில் இவை வெட்டப்பட்டிருக்கும். இரண்டு எக்ஸான் சேரும் விளிம்பில் பிரைமர் வைத்துவிட்டு, அதைக் குரோமோசோம் டிஎன்ஏவில் ஓட்டினால் ஒட்ட இடமே இருக்காது. மனித மரபணுவை அப்படியே எடுத்து ஈ. கோலை பாக்டீரியாவில் போட்டுப் புரதம் எதிர்பார்ப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பாக்டீரியாவுக்கு நம் இன்ட்ரானை வெட்டத் தெரியாது. சிடிஎன்ஏவைப் போடுங்கள்.

ஆதிக்கம் என்றால் பெரும்பான்மை என்று நினைப்பது

ஆறு விரல் பெரும்பாலும் ஆதிக்கப் பண்பு. ஓ ரத்தவகை ஒடுங்கு பண்பு. உங்கள் தெருவில் எது அதிகம் என்று எண்ணிப் பாருங்கள்.

அராபிகாவின் இரட்டை முகட்டை அழுக்கு என்று தூக்கி எறிவது

ஏற்காட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் அராபிகா. அதில் 44 குரோமோசோம், மற்ற காப்பி இனங்களில் 22. அராபிகா இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது: ரோபஸ்டா என்று நாம் சொல்லும் கேனிபோரா, மற்றொன்று யூஜினியாய்டிஸ். இரண்டு பெற்றோரின் முழுத் தொகுப்பும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒரு துண்டைப் பெருக்கி வரிசை படித்தால், வரைபடத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு முகடு வர வேண்டிய சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகடு வரும். மாதிரி கலந்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். ஒப்பீட்டுக்கு ஒரு ரோபஸ்டா இலையையும் சேர்த்து ஓட்டுங்கள். எல்லா அராபிகாச் செடியிலும் அதே இடத்தில் இரட்டை முகடு, அதில் ஒன்று ரோபஸ்டாவோடு பொருந்துகிறது என்றால் அது பெற்றோர் வேறுபாடு. செடிக்குச் செடி மாறினால்தான் அல்லீல் (ஒரே மரபணுவின் மாற்று வடிவம்) வேறுபாடு என்று யோசிக்கலாம். ஒரு தொகுப்பை மட்டும் பெருக்க வேண்டுமா, வேறுபடும் எழுத்தைப் பிரைமரின் 3′ கடைசியில் வையுங்கள்.

முற்றிய இலையைப் பறிப்பது

கொழுந்துக்கு அடுத்த ஜோடி போதும். முற்றிய காப்பி இலையில் பாலிபீனால் அதிகம். அரைத்ததும் பழுப்பாகி டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும், பிசிஆர் நொதியையும் முடக்கும். பறித்த கையோடு பஞ்சுபோலக் கிழித்து, இலை எடையின் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். அடிவாரம் இறங்கியதும் சேலத்து வெயில் காத்திருக்கிறது, ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் லேப் சேர்வதற்குள் இலை வெந்துவிடும். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் சிடிஏபி கரைசலில், பாலிபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி ஒன்றிரண்டு சதவீதம் சேருங்கள். பழுப்பாவதைத் தடுக்கும் பீட்டா-மெர்காப்டோஎத்தனாலை அரைக்கும் முன்தான் ஊற்ற வேண்டும், முந்தைய வாரமே கலந்து வைத்த கரைசலில் அதற்கு வீரியம் இருக்காது. 65 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம், பிறகு குளோரோபார்ம்-ஐசோஅமைல் 24-க்கு 1, புகைக்கூண்டுக்குள். மேலே நிற்கும் நீர்ப்பகுதி தெளியவில்லை என்றால் குளோரோபார்மை இன்னொரு முறை போடுங்கள். கடைசியில் அடியில் படிவது வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால், புரதக் கலப்பைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 காட்டினாலும் நம்பாதீர்கள், மற்ற அழுக்கைக் காட்டும் 260/230 என்ன என்று பாருங்கள்.