இன்டர்நேஷனல் பிசினஸ் எம்.பி.ஏ.: ஊர்ச்சரக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது எப்படி

பாளையங்கோட்டையில் பி.காம்., பி.பி.ஏ. முடித்துவிட்டு இன்டர்நேஷனல் பிசினஸ் எம்.பி.ஏ. தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது கல்லூரியின் பெயரையும் பிளேஸ்மென்ட் போஸ்டரையும்தான். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள். ஒரு கம்பெனி வெளிநாட்டில் கால் ஊன்ற வேண்டுமென்றால் எந்த நாடு, எந்த வழி, என்ன விலை, பணம் எப்படித் திரும்பும் என்று பதில் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கத்தான் இந்தப் படிப்பு.

அதற்கு நாங்கள் சொல்லும் வழி ஒன்றுதான். சேரும் முன்பே ஒரு சரக்கையும் ஒரு நாட்டையும் முடிவு செய்யுங்கள். இரண்டு வருடமும் எல்லாப் பாடத்தையும் அந்த ஒரு ஃபைலுக்குள் கொண்டுவாருங்கள். செமஸ்டருக்கு ஒரு தலைப்பு என்று தாவுகிறவர்களுக்கு எதுவும் ஆழமாக நிற்பதில்லை.

எங்கே சேர்வது

பாடத்திட்டத்தில் ஏற்றுமதி ஆவணங்கள், அந்நியச் செலாவணி, கப்பல் லாஜிஸ்டிக்ஸ், சர்வதேச வணிகச் சட்டம் நான்கும் தனித்தனித் தாள்களாக இருக்கிறதா பாருங்கள். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு எலெக்டிவ் மட்டும் என்றால், அது பொது எம்.பி.ஏ.வுக்கு வேறு போர்டு மாட்டியது. ஷிப்பிங் பில்லை (ஏற்றுமதிக்குச் சுங்கத்துறையிடம் கொடுக்கும் படிவம்) மாணவர்கள் கையால் நிரப்பிப் பழகுவார்களா என்று துறையில் நேரில் கேளுங்கள். வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

இந்தத் துறைக்கென்றே 1963-ல் தொடங்கியது டெல்லியின் ஐ.ஐ.எஃப்.டி. முன்பு தனித் தேர்வு வைத்தார்கள். 2024-26 தொகுதியிலிருந்து கேட் (CAT) தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு சேர்க்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத்தேர்வு. 2 மணி நேரம், 100 கேள்வி, தப்பான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் போய்விடும். தெரியாததைக் குத்துமதிப்பாக நிரப்பினால் சரியாகப் போட்டதும் கரையும். காரைக்குடி அழகப்பா, பாண்டிச்சேரி பல்கலைக்கழகங்களில் இதற்கெனத் துறையே இருக்கிறது. வீட்டுச் சூழ்நிலையால் ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள் அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பொது எம்.பி.ஏ. படித்துக்கொண்டே ஏற்றுமதி வேலையைத் தூத்துக்குடியில் பழகலாம். துறைமுகம் 50 கிலோமீட்டர் சுற்றில் இருப்பது சென்னைக்கு வெளியே அதிகம் பேருக்குக் கிடைக்காத வசதி.

வெளிநாட்டில் படிப்பதானால் பிரிட்டனில் பெரும்பாலும் ஒரு வருட எம்.எஸ்சி. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு; ஆனால் பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்கு முன், படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்கியாக வேண்டும். வங்கிக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பார்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

சரக்கைத் தேர்ந்தெடுப்பது

பழைய நெல்லை ஜில்லாவில் நல்ல சரக்கு நான்கு உண்டு: மலமிளக்கி மூலிகையான நிலாவாரை, உடன்குடிக் கருப்பட்டி, பத்தமடைப் பாய், கோவில்பட்டிக் கடலைமிட்டாய். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடம்.

பாயை எடுத்தால் சரக்குக் கூலி புரியும். சுருட்டிக் கட்டிய கட்டு ஒன்று 120 சென்டிமீட்டர் நீளம், 20-க்கு 20 கனம் என்று வையுங்கள். தராசில் 3 கிலோ காட்டலாம். கூரியர்காரர் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார். 48,000 கன சென்டிமீட்டருக்கு 9.6 கிலோவுக்கான கூலி வந்து நிற்கும். பாய் விற்கிறவர் நட்டப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பாயின் ஹெச்.எஸ். குறியீடு (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) 4601 29-ல் வரும். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, அதற்கு மேல் அந்தந்த நாடு தன் இஷ்டப்படி நீட்டிக்கொள்ளும். இறக்குமதி நாட்டின் குறியீட்டைத் தேடாமல் நம் எட்டு இலக்கத்தையே வைத்து வரிக்கணக்குப் போட்டால் கணக்கு தப்பும். இன்னொன்று: புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, இனி யாரும் காப்பியடிக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பதிவு இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். துபாயில் காப்பு வேண்டுமென்றால் ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி தனியாகப் பதிய வேண்டும்.

கடலைமிட்டாய் உணவுச் சட்டம் கற்றுத்தரும். கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு வரும். அமெரிக்காவில் மொத்த அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் வரை விடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாகத் தின்னும் கடலைக்கு 4 மட்டுமே. ஒரே மிட்டாய் ஒரு துறைமுகத்தில் பாஸ், மற்றொன்றில் திரும்பிவரும். திரும்பிவரும் கன்டெய்னரின் செலவு விற்றவர் தலையில். எள்ளு மிட்டாயையும் சேர்த்து அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்: 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் எள்ளும் லேபிளில் சொல்லியாக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்.

எங்களைக் கேட்டால் நிலாவாரையைச் சொல்வோம். உலக மருந்துச் சந்தையில் நம் ஊர்ப் பெயரையே, ‘டின்னெவெல்லி சென்னா’ என்று, தாங்கி நிற்கிற சரக்கு அது. தரத்துக்கு எழுத்தில் அளவுகோல் உண்டு: இலையிலும் காயிலும் மருந்துச்சத்து குறைந்தது எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்தியல் நூலில் இருக்கிறது. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் நிலாவாரை சேர்த்த உணவுப்பொருட்களைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. ஒரே இலை மருந்தாகப் போனால் ஒரு சட்டம், மூலிகை டீயாகப் போனால் இன்னொரு சட்டம். இந்த வேறுபாட்டை இருபது பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு ஜெர்மானிய வாங்குநரோடு பேசத் தெரியும்.

விலையும் பொறுப்பும்

விற்பவர், வாங்குபவர் பொறுப்பைப் பிரிக்கும் சர்வதேச விதித்தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020-ல் 11 விதிகள். பரீட்சைக்கு எல்லாம் மனப்பாடம் ஆகும். வேலைக்கு எங்கே பொறுப்பு கைமாறுகிறது என்பது தெரிய வேண்டும். பழக்கத்தில் எல்லோரும் எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று எழுதுகிறார்கள். அதன்படி சரக்கு கப்பலில் ஏறும்வரை நட்டம் விற்பவருடையது. ஆனால் கன்டெய்னர் சரக்கை யார்டில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். யார்டுக்கும் கப்பலுக்கும் இடையில் சேதமானால் உங்கள் கையில் இல்லாத சரக்குக்கு நீங்கள் பொறுப்பு. கன்டெய்னருக்கு எஃப்.சி.ஏ. பொருத்தம்; அதில் யார்டில் கப்பல்காரரிடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு கைமாறும்.

கருப்பட்டியை சி.ஐ.எஃப். (சரக்கு, இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி சேர்ந்த) விலையில் அனுப்புவதாக எடுத்துக்கொள்வோம். விலை 10,000 டாலர் என்றால் இன்ஷூரன்ஸ் 110 சதவீதத்துக்கு, அதாவது 11,000-க்கு எடுக்க வேண்டும். விதி கேட்பது மிகக் குறைந்த ‘சி’ பிரிவுக் காப்பை மட்டும். தீ, கப்பல் மூழ்குதல் போன்றவற்றுக்கு அது போதும். கருப்பட்டிக்கு எதிரி வேறு. பகலில் சூடேறி இரவில் குளிரும் கன்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். கருப்பட்டி வியர்த்து, அட்டைப்பெட்டி நனைந்து, அடி அடுக்கு ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சரக்கின் சொந்தக் குணத்தால் வரும் கேட்டுக்கு ‘ஏ’ பிரிவும் பணம் தராது. காப்பு பேக்கிங்கில்தான்: நன்றாகக் காய்ந்த சரக்கு, காற்றுப்புகா உள்பை, கன்டெய்னருக்குள் ஈரம் உறிஞ்சும் பைகள்.

பணம்

எல்.சி. (வாங்குகிறவரின் வங்கி பணம் தருவதாகக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) என்றால் வங்கி சரக்கைப் பார்க்காது, காகிதத்தை மட்டும் பார்க்கும். எல்.சி.யில் ‘பாம் ஜாகரி’ என்றிருக்க இன்வாய்ஸில் ‘பாம் சுகர்’ என்று அடித்தால் போதும், வங்கி டிஸ்க்ரிபன்சி (பொருந்தாமை) என்று நிறுத்திவிடும். எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-ன்படி கப்பல் ஏறி 21 நாளுக்குள் காகிதங்களைக் கொடுக்க வேண்டும். பார்க்க வங்கிக்கு 5 வேலைநாள். எல்.சி. வந்த அன்றே ஒவ்வொரு வரியையும் உங்கள் காகிதத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் திருத்தச் சொல்லுங்கள். சரக்கு கிளம்பிய பிறகு திருத்தம் கேட்டால் வாங்குகிறவர் விலை பேச ஆரம்பிப்பார்.

நுழையும் வழி

ஏஜென்ட், டிஸ்ட்ரிபியூட்டர், கூட்டுக் கம்பெனி, சொந்தக் கிளை என்று புத்தகம் ஏணிபோல அடுக்கும். படிப்படியாக ஏறியே ஆக வேண்டும் என்றில்லை. டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுத்தால் அந்த நாட்டில் டிரேட்மார்க் உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அவர் பெயரில் பதிந்துவிட்டால் அவரை மாற்றுவது பெரும்பாடு. இந்தியா 2013-ல் மாட்ரிட் ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டதால், ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கலாம்.

எதிராளி என்ன செய்வான் என்ற அத்தியாயத்துக்கு நம் ஊரிலேயே மிகப் பெரிய பாடம் இருக்கிறது. வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி 25 ரூபாய்ப் பங்கு 40,000 என்று 10 லட்சம் மூலதனம் வைத்து, தூத்துக்குடி–கொழும்பு தடத்தில் காலியா, லாவோ என்ற கப்பல்களை ஓட்டியது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது. மூலதனம், மாதச் செலவு, எதிராளி நட்டத்தில் ஓட்டத் தாங்கும் காலம் ஆகிய மூன்றையும் உங்கள் சரக்குக்கு எழுதிப் பாருங்கள். பெரிய போட்டியாளர் ஆறு மாதம் விலையைப் பாதியாக்கினால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்ற எண் ஃபைலில் இருக்க வேண்டும்.

இன்டர்ன்ஷிப்

ஆறு முதல் எட்டு வாரம் கிடைத்தால் அதைப் பெரிய ஊரின் கண்ணாடிக் கட்டடத்தில் கழிக்க வேண்டாம். பாதியைத் தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் (சுங்க வேலையை முடித்துத் தருகிறவர்) அலுவலகத்திலும், மீதியை ஏற்றுமதி செய்கிற கம்பெனியிலும் வையுங்கள். கிளியரிங் ஆபீஸில் கற்க வேண்டியது ஷிப்பிங் பில் எங்கே மாட்டுகிறது என்பது: ஏ.டி. கோட் (சுங்கத்தில் பதியும் வங்கி எண்) பதியாதது, எல்.யு.டி. (ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழி) புதுப்பிக்காதது, ஏப்ரல்–ஜூனில் ஐ.இ.சி. (ஏற்றுமதி-இறக்குமதி எண்) விவரத்தை உறுதிசெய்யாமல் அது முடங்கிப்போனது. ஐ.இ.சி. எடுக்க 500 ரூபாய்தான் கட்டணம், அந்த முடக்கத்தால் ஒரு கன்டெய்னரே நிற்கலாம்.

கிளம்பும் முன் ஒரே ஒரு ஷிப்மென்ட்டின் காகிதங்களை, ஆர்டர் மெயிலில் தொடங்கி பணம் வந்ததற்கான இ-பி.ஆர்.சி. சான்று வரை, முதலாளியிடம் அனுமதி கேட்டு, பெயரும் விலையும் மறைத்து நகல் எடுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் அது எந்தத் தேதியில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பென்சிலில் குறியுங்கள். நேர்முகத்தேர்வில் மேசைமேல் வைக்க வேண்டியது அந்தக் கட்டைத்தான்.