ஒற்றை நாற்காலி சலூன்: 240 பேரைப் பிடிப்பது எப்படி

முதலில் கணக்கு. தனியாளாகக் கடை நடத்துகிறவர் ஒரு வெட்டுக்கு அரை மணி நேரம் எடுத்தாலும் நாளுக்கு 10 பேரைப் பதற்றமில்லாமல் முடிக்கலாம். செவ்வாய் விடுமுறை போக வாரம் 6 நாள். நாலு வாரத்துக்கு 24 நாள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும், அதனால் பெரும்பாலான ஆண்கள் நாலு வாரத்துக்கு ஒருமுறை வந்துவிடுவார்கள். அப்படியானால் கடை நிரம்ப 240 தலை போதும். ஊரையே இழுக்க வேண்டாம். ஃபேடு, அதாவது பக்கவாட்டில் கீழே போகப்போகக் குட்டையாகும் வெட்டு, வைத்துக்கொள்ளும் கல்லூரிப் பையன்கள் இரண்டு வாரத்திலேயே வந்து நிற்பார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு பேருக்குச் சமம்.

ஆனால் அந்த 240 பேரும் திரும்பி வருகிறவர்களாக இருக்க வேண்டும். அதனால்தான் 'திறப்பு விழாச் சலுகை, பாதி விலை' என்ற பலகை வேண்டாம் என்கிறோம். 75 ரூபாய்க்கு வெட்டிக்கொண்டு போனவருக்கு உங்கள் விலை 75தான். அடுத்த மாதம் 150 கேட்டால், ஏற்றிவிட்டான் என்றுதான் பேச்சு வரும். முழு விலையையே வாங்குங்கள். அதோடு, 'பன்னிரண்டு நாள் கழிச்சு வாங்கண்ணே, பின்கழுத்தும் கிருதாவும் சும்மா ஒதுக்கித் தர்றேன்' என்று சொல்லி அனுப்புங்கள். எந்த வெட்டும் முதலில் கலைந்து தெரிவது பின்கழுத்தில்தான். உங்களுக்கு அது 5 நிமிட வேலை, அரை பிளேடு செலவு. அவருக்கோ இரண்டாம் முறை உங்கள் நாற்காலியில் உட்கார ஒரு காரணம். மூன்றாம் முறை அவராகவே வருவார்.

முதல் மாதம் பத்துப் பேருக்கு இலவசமாக வெட்டலாம், சொந்தக்காரர்களுக்கு அல்ல. நாள் முழுக்க நாலு பேர் கண்ணில் படும் தலையாகத் தேர்ந்தெடுங்கள்: டீ மாஸ்டர், மெடிக்கல் ஷாப் பையன், பக்கத்து மெக்கானிக், பள்ளிக்கூட பி.டி. சார். டீ மாஸ்டரின் தலை காலை ஐந்து மணிக்கே உங்கள் விளம்பரத்தைத் தொடங்கிவிடும்.

ஆள் திரும்பி வராமல் போவதற்கு முக்கியக் காரணம், கேட்டதைவிடக் குட்டையாக வெட்டுவது. 'மீடியமா' என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு. முடியை விரலிடுக்கில் பிடித்து, 'இவ்வளவு போகும், இவ்வளவு இருக்கும், சரியா?' என்று கண்ணாடியில் காட்டிக் கேளுங்கள். மெஷின் போடுவதென்றால், அதில் மாட்டும் சீப்பில் நினைத்த எண்ணுக்கு ஒரு எண் மேலே தொடங்குங்கள். 2 போதும் என்று தோன்றினால் 3. அதாவது 6 மில்லிமீட்டருக்குப் பதில் 10. குறைக்க எப்போதும் முடியும். சுருட்டை முடி ஈரத்தில் நீண்டு தெரியும், காய்ந்ததும் மேலேறிவிடும். அரை விரல் அளவு கூடுதலாக விட்டு, காயவைத்த பிறகு திருத்துங்கள். உச்சிச் சுழியில் ஒட்ட வெட்டினால் மறுநாள் குளித்ததும் சேவல் கொண்டைபோல நிமிர்ந்து நிற்கும். சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஈரப்படுத்துவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

சுத்தத்தை வாடிக்கையாளர் கண்ணெதிரே காட்டுங்கள். புது பிளேடை உறையோடு அவர் பார்க்க உடையுங்கள். நாளுக்கு பத்துத் தலை என்றால் 20 துண்டாவது இருக்க வேண்டும், இல்லையேல் மழைக்காலத்தில் ஈரத்துண்டு வாடை கடையையே கெடுத்துவிடும். புதிதாக ஹேர் டை கேட்பவருக்கு 48 மணி நேரம் முன்பே முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி அனுப்புங்கள். டையில் உள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒத்துக்கொள்ளாது.

இனி நோட்டு. இதைச் சோம்பலில் விட்டவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவர் போனதும் ஒரு வரி எழுதுங்கள்:

'டீக்கடை அண்ணன். சைடு 3, மேலே இரண்டு விரல். இரட்டைச் சுழி. கிருதா காது நடு வரை. இடது காதுக்குப் பின்னால் மச்சம், பிளேடு கவனம். பேசப் பிடிக்காது.'

அடுத்த முறை அவர் உட்கார்ந்ததும் 'போன தடவை மாதிரியே மூணாம் நம்பர்தானேண்ணே?' என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு வேறு கடையில் முதலிலிருந்து விளக்கிச் சொல்ல அவருக்கே அலுப்பாக இருக்கும்.

ஒரு குழந்தை பயப்படாமல் வெட்டிக்கொண்டால் அப்பா, சித்தப்பா, தாத்தா என்று வீடே வரும். கைப்பிடிகளின் மேல் பலகை போட்டு உட்காரவையுங்கள். மெஷினை முதலில் பிள்ளையின் கையில் ஓடவிட்டுக் காட்டுங்கள். அப்படியும் சிணுங்கினால் கத்தரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பையன் ஸ்டைல் கேட்டால் கூட வந்தவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மறுநாள் ஹெட்மாஸ்டர் திருப்பி அனுப்பினால் திட்டு உங்களுக்குத்தான்.

வாட்ஸ்அப் பிசினஸில் எண்களைச் சேருங்கள். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பும் சாதாரண பிராட்காஸ்ட் லிஸ்ட், உங்கள் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். ஆகவே நாற்காலியில் இருக்கும்போதே பதியச் சொல்லுங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம். திருப்தியாகப் போகிறவரிடம் ஒரு ரிவ்யூ கேட்கலாம். அதற்காகத் தள்ளுபடி தருவது கூகுள் விதிப்படி கூடாது. இதைவிடப் பெரிய விஷயம், சொன்ன நேரத்துக்குக் கடை திறப்பது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வந்து ஷட்டரைப் பார்த்துத் திரும்பியவர் பக்கத்துக் கடையில் உட்கார்ந்துவிடுவார். அவரை மீட்பது புது ஆளைப் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

செவ்வாய், வெள்ளி, அமாவாசையில் முடி வெட்டாதவர்கள் நிறைய. வெள்ளி பகலில் கூட்டமில்லையே என்று கலங்காமல், அன்றைக்கு மெஷினுக்கு எண்ணெய் விட்டு, நோட்டைப் புரட்டுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று நாளும் தம் வழக்கமான கடையில் இடமில்லாதவர்கள் உங்களிடம் வருவார்கள். இந்தக் கூட்டத்தில் பத்து நிமிட அவசர வெட்டு வெட்டினால் வருடத்தின் நல்ல வாய்ப்பு போயிற்று. டோக்கன் கொடுங்கள், அவரவர் முறை வரும்போது போனில் கூப்பிடுங்கள். நவம்பர் நடுவில் கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டவர்கள் முடியும் எடுக்க மாட்டார்கள், ஷேவிங்கும் இல்லை. ஜனவரி நடுப்பகுதி வரை வருமானம் குறையும் என்று தீபாவளிப் பணத்திலேயே வாடகையை எடுத்து வையுங்கள்.

ஆறு வாரம் ஆகியும் வராதவருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். அதற்கு முன் நோட்டைப் பாருங்கள். மாலை போட்டிருக்கிறாரா, மனைவி மாசமாக இருப்பதால் முடி வளர்க்கிறாரா என்று அதில் குறித்திருக்க வேண்டும். அவர்களுக்குச் செய்தி வேண்டாம்; குழந்தை பிறந்ததும் மிட்டாயோடு அவரே வருவார், அன்றைக்கு அரை மணி நேரம் பத்தாது, முக்கால் மணி ஒதுக்கிவையுங்கள்.