மலையகத்தாரின் பேஸ்புக் பதிவுகளை ஆய்வுக்கு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்கள் பலர் தோட்டத்துக்குப் போவதற்கு முன்பே பேஸ்புக்கில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். சம்பளம், லயன் வீடு (தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு), மண்சரிவு என எதைத் தேடினாலும் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை எடுப்பதில் தப்பில்லை, எடுக்கும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது.

பெரிய தவறு, பெயரை நீக்கினால் ஆளும் மறைந்துவிடுவார் என்று நம்புவது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: "இன்னைக்கும் தண்ணின்னு சொல்லி மூனு கிலோ வெட்டிட்டாங்க. கேட்டா நாளைக்கு அரைப்பேருதான்." (வரி நான் எழுதியது, யாருடைய பதிவுமல்ல. கொழுந்தின் ஈரத்துக்கென்று எடையில் கழிக்கிறார்கள், கேட்டால் அரைநாள் சம்பளம்தான் என்கிறார்.) இதை அப்படியே ஆய்வேட்டில் போட்டு, கீழே 'பெண் தொழிலாளி, 34 வயது, ஹட்டன்' என்று குறித்தால் என்ன ஆகும்? அந்த வரியைத் தேடிப் பார்த்தாலே மூலப் பதிவு கிடைத்துவிடலாம். டிவிசனில் (தோட்டத்தின் அதே பிரிவில்) இருப்பவர்களுக்கு அந்தத் தேடலும் தேவையில்லை. பேசுகிறபடியே எழுதியிருக்கும் தோரணையை வைத்தே, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஆளைச் சொல்லிவிடுவார். லயனில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி கிடையாது. வேலைக்கு வரும் ஆபத்து கூரைக்கும் வரும்.

2008இல் அமெரிக்காவில், பெயர் நீக்கிய மாணவர்களின் பேஸ்புக் தரவை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது ஹார்வர்ட் மாணவர்களுடையது என்று சீக்கிரமே தெரிந்துபோனது. சில நாடுகளிலிருந்து ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். அவரைக் கண்டுபிடிக்கப் பெயரா வேண்டும்?

அதனால் கருத்தை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், தோட்டத்தையும் வயதையும் விட்டுவிடுங்கள். அந்த வரியேதான் வேண்டுமென்றால் எழுதியவரிடம் விவரம் சொல்லி அனுமதி கேளுங்கள்: நீங்கள் யார், எந்த வரி, எங்கே வரப்போகிறது, மறுத்தாலும் பரவாயில்லை என்று தெளிவாக, தமிழில். பதில் வராததைச் சம்மதமாக எடுக்காதீர்கள்.

'பப்ளிக்கில்தானே போட்டிருக்கிறார்' என்ற வாதமும் எனக்கு ஏற்புடையதல்ல. அம்மாவுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது மகனாக இருக்கும். அந்த அம்மா எழுதியது பக்கத்து லயனுக்கு, பல்கலைக்கழகத்துக்கு அல்ல. இணைய ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டலும், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் என்றால் ஆய்வாளரின் கடமையும் கூடும் என்றே சொல்கிறது.

வட்ஸ்அப் குழுக்கள் இன்னும் சிக்கல். ஊர்க்காரர் என்று திருவிழாக் குழுவிலோ தொழிற்சங்கக் குழுவிலோ உங்களைச் சேர்த்திருப்பார்கள். அங்கே சத்தமில்லாமல் தரவு சேர்ப்பது நம்பிக்கைத் துரோகம். அட்மின் சரி என்றால் எல்லோரும் சரி என்றதாகாது.

அப்புறம் ஸ்கிரீன்ஷொட். அதில் கருத்து எழுதியவர்களின் பெயரும் பிள்ளைகளின் முகமும் சேர்ந்தே வரும். 2014இல் மீரியபெத்தையில் நடந்தது போன்ற மண்சரிவில் உறவை இழந்தவர், அன்றைய வேதனையில் எழுதியதைப் பின்னால் அழித்திருக்கலாம். அழித்ததை உங்கள் கோப்பிலிருந்தும் அழியுங்கள்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் கடைசியில் போகாதீர்கள். சேர்த்து முடித்த தரவுக்குப் பின்தேதியிட்டு அனுமதி கிடைப்பது அரிது. எந்தப் பதிவை எப்படி எடுப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை முதல் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.