நகர நிர்வாகத்தின் கல்வி ஒருங்கிணைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டொன்றுக்கு 8,760 மணி நேரம். நாளொன்றுக்கு ஆறரை மணி நேரம் வீதம் 180 நாட்கள் பள்ளிக்குச் செல்லும் குழந்தை, அதில் ஏறத்தாழ 1,170 மணி நேரத்தையே வகுப்பறையில் கழிக்கிறது. மீதி நேரத்தில் அது பயன்படுத்தும் நூலகம், பூங்கா, பேருந்து, சுகாதார நிலையம் ஆகியவற்றுள் பல நகர நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஆனால் அமெரிக்க நகரங்கள் பெரும்பாலானவற்றில் பள்ளிகள் மட்டும் மேயரின் கையில் இல்லை. அவற்றைத் தனிக் கல்வி வாரியம் நடத்துகிறது. இந்த இரண்டு நிர்வாகங்களுக்கும் இடையே பாலமாக இருப்பதற்காகவே பல மேயர்கள் தம் அலுவலகத்தில் கல்விக்கென ஒரு பிரிவைத் தொடங்கியிருக்கிறார்கள். பள்ளியை நடத்தும் அதிகாரம் இல்லாமலேயே கல்விக்குப் பயன்பட வேண்டிய விசித்திரமான பணி இது.

தனக்கு இல்லாத அதிகாரம் இருப்பதாக எண்ணிக்கொள்வதே இத்தகைய அலுவலகம் முதலில் செய்யும் தவறு. பாஸ்டனில் 1992 முதலும், சிகாகோவில் 1995 முதலும், நியூயார்க்கில் 2002 முதலும், வாஷிங்டனில் 2007 முதலும் பள்ளி நிர்வாகம் வெவ்வேறு அளவில் மேயரின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. அவற்றைப் பார்த்து, அத்தகைய சட்டம் எதுவும் இல்லாத நகரத்தின் அலுவலகமும் தேர்வு மதிப்பெண்ணை உயர்த்துவதே தன் இலக்கு என்று அறிவித்துவிடுகிறது. ஆசிரியரை நியமிக்கவோ பாடத்திட்டத்தைத் தொடவோ முடியாத ஓர் அலுவலகம் மதிப்பெண்ணுக்குப் பொறுப்பேற்றால், மதிப்பெண் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அதற்கும் தன் பணிக்கும் உள்ள தொடர்பை நிறுவ முடியாமல் தவிக்கும். நூலகம் திறந்திருக்கும் நேரம், மாணவர்களுக்கான பேருந்துச் சலுகை, பள்ளியில் சேரும் வயதுக்கு முந்தைய முன்பருவக் கல்வி, கோடைக்கால வேலைவாய்ப்பு ஆகியவை நகரம் தானே முடிவெடுக்கக்கூடியவை; இலக்குகளும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். மேயரின் கட்டுப்பாடுகூட நிலையானதன்று. சிகாகோவில் 2024 நவம்பரில் முதன்முறையாகக் கல்வி வாரியத்திற்குத் தேர்தல் நடந்து, 21 உறுப்பினர்களில் 10 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

திட்டத்தை முழுவதும் வகுத்து முடித்த பிறகு மக்களிடம் கருத்துக் கேட்பது அடுத்த தவறு. நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவர்க் நகரம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1995 முதல் அந்நகரப் பள்ளிகள் மாநில அரசின் பிடியில் இருந்தன. 2010 செப்டம்பரில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் அப்பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் நன்கொடையை அறிவித்தபோது, நகர மக்களுள் பெரும்பாலோர் அதைத் தொலைக்காட்சி வழியாகவே அறிந்தனர். தம் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு என்ன நேரப்போகிறது என்பதை வெளியூர்க்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்ற எண்ணம் அன்றே வேரூன்றியது. நகரம் முழுவதற்கும் பொதுவான மாணவர் சேர்க்கை முறை 2014-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த எண்ணம் கடும் எதிர்ப்பாக வெடித்தது; அவ்வாண்டு மேயர் தேர்தலில் இந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்த பள்ளி முதல்வர் ஒருவரே வெற்றி பெற்றார். பணம் முழுவதும் வீணாயிற்று என்று சொல்வது நேர்மையாகாது. ஆங்கிலப் பாடத்தில் மாணவர்களின் முன்னேற்றம் கூடியதாகப் பின்னர் வந்த ஆய்வொன்று காட்டியது. ஆனாலும், மாற்றுவதற்கு எதுவும் மிச்சம் இல்லாத கட்டத்தில் கூட்டப்படும் கருத்துக்கேட்புக் கூட்டம் வெறும் சடங்கு என்பதைப் பெற்றோர் ஐந்தே நிமிடத்தில் கண்டுகொள்கிறார்கள்.

தரவைக் கையாள்வதில் நேரும் பிழைகள் இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. பல அலுவலகங்கள் பள்ளியின் சராசரி வருகையைப் பார்த்து மனநிறைவு கொள்கின்றன. 500 மாணவர்கள் படிக்கும் பள்ளியில் சராசரி வருகை 94 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 180 நாட்களில் மொத்தம் 5,400 விடுப்பு நாட்கள் ஆகின்றன. அவற்றுள் 3,600 நாட்கள் 100 மாணவர்களுடையவையாகவும், எஞ்சிய 1,800 நாட்கள் மற்ற 400 பேருடையவையாகவும் இருக்கலாம். அதாவது, ஐந்தில் ஒரு குழந்தை ஆண்டில் 36 நாட்கள் பள்ளிக்கு வராத நிலையிலும் அறிக்கையில் 94 என்னும் எண் அழகாக நிற்கும். பள்ளி நாட்களில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வராதவர்களைத் தனியே எண்ணும் வழக்கம் இதனால்தான் பரவியது. இந்தக் கணக்கு நகர அலுவலகத்திற்கு ஏன் முக்கியம் என்றால், அந்த 100 பேரும் வராததற்கான காரணம் ஆஸ்துமாவாகவோ, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டதாகவோ, பாதுகாப்பற்ற தெருவாகவோ இருக்கலாம். அவற்றைச் சரிசெய்யும் துறைகள் பள்ளியிடம் இல்லை, நகரத்திடம் இருக்கின்றன.

அந்தத் துறைகளின் பதிவுகளைப் பள்ளிப் பதிவுகளோடு இணைத்துப் பார்க்க முயலும்போது இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நிகழ்கின்றன. 1974-இல் இயற்றப்பட்டு ஃபெர்பா என்று அழைக்கப்படும் மாணவர் பதிவுத் தனியுரிமைச் சட்டத்தைக் காரணம் காட்டி எதையுமே பகிர மறுப்பது ஒன்று. குழந்தைகளின் நன்மைக்குத்தானே என்று பட்டியல்களை மின்னஞ்சலில் அனுப்பிவைப்பது மற்றொன்று. பெற்றோரின் ஒப்புதலோடு பகிர்வதற்கும், ஆய்வு போன்ற வரையறுக்கப்பட்ட நோக்கங்களுக்காக எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் பகிர்வதற்கும் அச்சட்டமே இடம் தருகிறது. எந்தத் தகவல், எதற்காக, யார் பார்வைக்கு, எப்போது அழிக்கப்படும் என்ற நான்கையும் எழுதி வைக்காமல் பகிர்வதுதான் ஆபத்து. வழக்கறிஞரை இறுதியில் அழைக்காமல் முதல் கூட்டத்திலேயே உட்கார வைப்பது பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

கூட்டு அமைப்புகளின் எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டுவதும் பரவலான பழக்கம். ஒரு பள்ளியில் ஐந்து தன்னார்வ அமைப்புகள் வாசிப்புப் பயிற்சி நடத்த, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு யாருமே செல்லாமல் இருப்பார்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்த்தவர் இருக்க மாட்டார். சின்சினாட்டியில் 2006-இல் தொடங்கிய ஸ்ட்ரைவ் கூட்டமைப்பில் 300-க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்தன. ஆனால் அந்த எண்ணிக்கையைவிட, மழலையர் பருவம் முதல் கல்லூரி வரை எதை அளப்பது என்பதில் அவர்கள் ஒருமித்த பட்டியலுக்கு வந்ததே அதன் சிறப்பு.

நிதி கைக்கு வருமுன் வாக்குறுதி தருவதும் தவறுதான். பிலடெல்பியா நகரம் முன்பருவக் கல்வியையும், மருத்துவம் போன்ற சேவைகளையும் பள்ளியிலேயே தரும் சமூகப் பள்ளிகளையும் குளிர்பான வரியை நம்பித் தொடங்கியது. அவுன்சுக்கு ஒன்றரை சென்ட் வீதம் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்த வரி வழக்கில் சிக்கி, 2018 ஜூலையில்தான் மாநில உச்ச நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டது. அதற்கிடையே முன்பருவக் கல்வியின் இலக்கு 6,500 இடங்களிலிருந்து 5,500 ஆகவும், சமூகப் பள்ளிகளின் இலக்கு 25-இலிருந்து 20 ஆகவும் குறைக்கப்பட்டன.

மேயர் மாறும்போது அலுவலகமே கலைந்துபோவதற்கு அரசியலை மட்டும் குறைசொல்ல முடியாது. பள்ளி முதல்வருக்கும் நகர அதிகாரிக்கும் இடையிலான நட்பின் பேரில் நடந்த ஏற்பாடு, இருவரில் ஒருவர் இடம் மாறினால் நின்றுபோகும். மாலை நேர வகுப்புகளையே எடுத்துக்கொள்ளலாம்: ஆறு மணிக்கு மேல் கட்டடத்தைப் பூட்டும் காவலாளிக்கு மிகைநேர ஊதியம் யார் தருவது, விளையாட்டுத் திடலில் குழந்தை விழுந்து அடிபட்டால் யாருடைய காப்பீடு, கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட மாணவியை வீட்டில் சேர்ப்பது யார் என்பவை புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் இடம்பெறத் தகாத சில்லறை விஷயங்கள் என்று பெரிய அதிகாரிகள் நினைக்கிறார்கள். வகுப்புகள் இரண்டாம் மாதமே நின்றுபோவது பெரும்பாலும் இவற்றால்தான்.