மங்கோலியக் கெர் எழுப்பும் முறையும் கசாக் கூடாரம் அதனின்று வேறுபடும் இடங்களும்

மங்கோலியர்களின் ‘கெர்’, கசாக்கியரின் ‘கீஸ் ஊய்’, கிர்கிஸ் மக்களின் ‘போஸ் ஊய்’ ஆகிய வட்டக் கூடாரங்கள் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் மங்கோலியக் கெரை 2013-இல் தனியாகவும், கிர்கிஸ், கசாக் கூடாரங்களை 2014-இல் ஒரே பதிவாகவும் சேர்த்தது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை அறிய, கூடாரம் எழும்பும் வரிசையைத் தெரிந்துகொள்வதைவிட நல்ல வழி இல்லை. இங்கே, குடும்பங்கள் பெரிதும் பயன்படுத்தும், ஐந்து சுவர்த்தட்டிகள் கொண்ட கெரை எழுப்பும் முறையைக் கூறி, துருக்கிய மொழிகள் பேசும் கசாக்கியர் முதலியோரின் மரபு விலகும் இடங்களை ஆங்காங்கே சுட்டுகிறேன்.

முதலில் மழைநீர் தேங்காத, சமமான இடத்தைத் தேர்ந்து, வாசல் தெற்கு நோக்கி அமையும்படி திசையை முடிவு செய்ய வேண்டும். வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வரும் குளிர்காற்றுக்கு இதனால் முதுகு காட்டியதாகிறது. உச்சித் திறப்பின் வழியே விழும் வெயில் நகர்வதைக் கொண்டு உள்ளே இருப்பவர்கள் பொழுதையும் அறிந்துகொள்வார்கள். பழந்துருக்கியரின் திசைக்கணக்கு வேறு. அவர்கள் 8-ஆம் நூற்றாண்டில் மங்கோலியாவில் பொறித்த ஓர்கோன் கல்வெட்டுகள் கிழக்கையே முன்திசையாகக் கொள்கின்றன. அவர்களுடைய ககானின் (பேரரசரின்) கூடாரம் சூரியனுக்கு மதிப்பளித்துக் கிழக்கு நோக்கித் திறந்திருந்ததாகச் சீன வரலாற்றேடுகளும் கூறுகின்றன.

தரைப்பலகையை விரித்தவுடன் கட்டில், பெட்டி, அடுப்பு முதலியவற்றை உரிய இடங்களில் வைத்துவிடுங்கள். சுவர் எழுந்த பிறகு, தாழ்வான அந்த வாசல் வழியே பெரிய பெட்டிகளை நுழைக்க முடியாது.

அடுத்து வாசல் நிலையை நிறுத்தி, அதன் இருபுறமும் தொடங்கித் தட்டிகளை வட்டமாக விரிக்க வேண்டும். ‘கானா’ எனப்படும் இத்தட்டி, கடைகளின் மடக்குக் கம்பிக் கதவைப்போல விரியவும் சுருங்கவும் கூடியது. மெல்லிய மரச்சட்டங்கள் குறுக்கிடும் இடங்களில் ஆணிக்குப் பதிலாகப் பதனிடாத தோல்வார் முடிச்சுகள் இருக்கும். அகலமாக விரித்தால் சுவர் தாழும், சுருக்கினால் உயரும் என்பதால், ஐந்து தட்டிகளும் ஒரே அளவில் விரிந்து, நிலையின் உயரத்தோடு பொருந்துகின்றனவா என்று இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். தட்டிகளை ஒன்றோடொன்றும் நிலையோடும் கட்டியபின், மேல்விளிம்பை ஒட்டி ஒரு கயிற்றைச் சுற்றி இறுக்குங்கள். கூரையின் பாரம் சுவரை வெளியே தள்ளாமல் காப்பது இக்கயிறுதான். இது தளர்ந்திருந்தால் பின்னர் செய்யும் எந்த வேலையும் நிற்காது.

இனி ‘தோனோ’ எனப்படும் உச்சி வளையத்தை ஏற்ற வேண்டும். மங்கோலிய முறையில் இது கனமான மரச்சக்கரம். ‘பகானா’ எனப்படும் இரு தூண்கள் இதைத் தாங்குகின்றன. ஒருவர் நடுவில் நின்று தூண்களோடு வளையத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் ‘உனி’ எனப்படும் கைமரங்களை எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் பொருத்துவார்கள். ஒரே பக்கமாக அடுக்கிக்கொண்டு போனால் வளையம் சாய்ந்துவிடும். கைமரத்தின் மேல்நுனியை வளையத்தின் துளையில் செருகி, கீழ்நுனியிலுள்ள கயிற்று வளையத்தைத் தட்டியின் தலையில் மாட்டினால் போதும்.

கசாக் மரபு தெளிவாகப் பிரியும் இடம் இதுதான். அங்கே கைமரம் நேராக இராமல் அடிப்பகுதியில் வளைந்து சுவரோடு இணைகிறது. அதனால் கூரை உயர்ந்து, தோள் திரண்டாற்போல் தெரியும். ‘ஷானிரக்’ எனப்படும் உச்சி வளையத்துக்கு நிலையான தூண்கள் கிடையாது. ‘பக்கான்’ என்னும் கவைக்கோலால் அதைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். கைமரங்கள் பொருந்தியதும் கோலை எடுத்துவிடலாம். தட்டிக்கும் வெளிப்போர்வைக்கும் இடையே, வண்ணக் கம்பளி சுற்றிய நாணற்பாயை நிறுத்துவதும் அம்மரபின் அழகு. தலைமுறைகளின் புகை படிந்த ஷானிரக் இளைய மகனிடம் தங்கும். தந்தையின் அடுப்பை இளையவன் காப்பது மங்கோலியரிடமும் இருந்த வழக்கமே. செங்கிஸ் கானின் தாயக நிலம் அவருடைய பட்டத்தரசிக்குப் பிறந்த இளைய மகன் தொலூயிக்கே சேர்ந்தது.

எலும்புக்கூடு நின்றதும், ‘எஸ்கி’ என்னும் அமுக்கிய கம்பளி விரிப்புகளால் சுவரையும் கூரையையும் மூடி, வெள்ளைத் துணி உறை போர்த்தி, வெளியே குதிரைமயிர்க் கயிறுகளால் சுற்றிக் கட்ட வேண்டும். உச்சித் திறப்பை மூடும் சதுர விரிப்பைத் தேவைக்கேற்ப இழுக்க அதன் கயிற்றை வெளியே விடுங்கள். வளையத்திலிருந்து உள்ளே தொங்கும் ‘சக்தாகா’ என்னும் கயிற்றை வழக்கமான நாள்களில் கைமரத்தில் செருகி வைப்பார்கள். புயற்காற்று அடிக்கும்போது அதில் கனமான பொருளைக் கட்டித் தொங்கவிட்டால், கூரை மேலெழாது.

உள்ளே வடபுறம் மதிப்பிடம். பூசைப்பொருள்களும் மூத்தோர் இருக்கையும் அங்கேதான். மேற்கில் சேணமும் குதிரைப்பால் பையும், கிழக்கில் சமையல் கலங்களும் இடம்பெறும். 1253-இல் புறப்பட்டு மங்கோலியப் பேரரசர் மோங்கே கானின் அவைக்குச் சென்ற பாதிரியார் ரூப்ருக்கின் வில்லியம், ஆண்கள் மேற்கிலும் பெண்கள் கிழக்கிலும் அமரும் இதே ஒழுங்கைப் பதிவு செய்துள்ளார். அவருடன் சென்ற மற்றொரு பாதிரியார் கானின் வாசற்படியில் தடுக்கியதற்காகப் பிடித்து வைக்கப்பட்டார். ஆகவே, விருந்தினராகச் செல்பவர்கள் படியை மிதிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டும். இரு தூண்களுக்கு நடுவே நடப்பதும் கூடாது.

கூடாரத்தைக் கொண்டு இனத்தை முடிவு செய்ய முற்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரஷ்யாவின் தெற்குச் சைபீரியாவில் வாழும் தூவா மக்கள் துருக்கிய மொழி பேசினாலும் பௌத்தர்கள், அவர்களுடைய கூடாரமோ மங்கோலிய வகையைச் சேர்ந்தது. இரு வகைகளையும் ஒரே பயணத்தில் ஒப்பிட விரும்புபவர்களுக்கு, கசாக்கியர் பெரும்பான்மையாக வாழும் மேற்கு மங்கோலியாவின் பயான்-ஒல்கீ மாகாணம் பொருத்தமானது. அங்குள்ள கசாக்கியர் பலர் குளிர்காலத்தில் கட்டிய வீடுகளுக்குத் திரும்பிவிடுவதால், கோடைக்கால மேய்ச்சல் நிலங்களில் அவர்கள் இருக்கும்போது செல்ல வேண்டும்.